மருந்துத்தாளுக்கு எந்த டேட்டா?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற குறிப்புத்தாளை மொழிபெயர்க்க ஒரு நியூரல் மாடலை, அதாவது மொழிபெயர்த்த வாக்கிய ஜோடிகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரலைப் பழக்கப் போகிறாய். கிடைத்த வாக்கியங்களையெல்லாம் கொட்டிவிடலாமா என்கிறாய். கொட்டாதே.

2017இல் கோன், நோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஜெர்மன்–ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு சோதனை செய்தார்கள். சட்டம், மருத்துவம், கணினி, குர்ஆன், சப்டைட்டில் என்று ஐந்துக்கும் தனித்தனி மாடல். ‘உன்னைச் சுற்றிப் பார்’ என்ற ஜெர்மன் வாக்கியத்தைக் கொடுத்தால், ஐந்தில் சப்டைட்டில் மாடல் மட்டுமே சரியாகச் சொன்னது. குர்ஆனில் பழகியது ‘உங்கள் ஆன்மாக்களைக் குறித்துக் கவனமாயிருங்கள்’ என்றது. மருத்துவ மாடலோ ஏதோ கோப்பு எண்ணையும் 2002ஆம் ஆண்டு வேலைத்திட்டத்தையும் ஒப்பித்தது! உளறல்கூடச் சரளமாக வருகிறதே, மருந்து விஷயத்தில் அதுதான் பயம்.

தேவையான வாக்கியங்களைப் பொறுக்குவதற்கு 2010இல் மூர், லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்ன வழி இன்றைக்கும் உதவும். உன் மருந்துத்தாள்களில் ஒரு சின்ன மொழி மாடலைப் பழக்கு; ஒரு வாக்கியம் தனக்கு எவ்வளவு பழக்கம் என்று மதிப்பெண் சொல்வதுதான் அதன் வேலை. கிடைத்த வாக்கியங்களின் பொதுக் குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய அதே அளவு வாக்கியங்களில் இன்னொன்று. குவியலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டிடமும் காட்டு. ‘உணவுக்குப் பின் ஒரு மாத்திரை’ முதலாவதற்குப் பழக்கம், மற்றதற்குப் புதுசு; எடுத்துக்கொள். ‘நன்றி, மீண்டும் வருக’ இரண்டுக்குமே சுலபம்; விட்டுவிடு. அதனால்தான் முதல் மாடலின் மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் வித்தியாசத்தைப் பார்க்கிறோம். மறு ஆண்டே ஆக்சல்ராடும் கூட்டாளிகளும் இதை இருமொழி வாக்கியங்களுக்கு விரித்து, குவியலில் நூற்றில் ஒரு பங்கை வைத்தே முழுக் குவியலை முந்தினார்கள். அது நியூரலுக்கு முந்தைய, சொற்றொடர்களை எண்ணிக் கணக்கிட்டு மொழிபெயர்த்த புள்ளியியல் காலம். நியூரலுக்கு அவ்வளவு கறாராக வெட்டினால் பொது மொழியே வற்றிவிடும். பெரிய குவியலில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று குறுக்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடித்த வழி. கடைசியிலும் கொஞ்சம் பொது வாக்கியம் கலந்திருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னே கற்றதை மறந்துவிடும்.

இதைவிட முக்கியம் உன் மாதிரித்தாள்கள். எல்லாமே ரத்தக்கொதிப்பு மாத்திரையாக இருந்தால் வடிகட்டியும் அதையேதான் தேடும்; கண் சொட்டு மருந்து, குழந்தைகளுக்கான சிரப் எல்லாம் விட்டுப்போகும். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ தாளுக்குத் தாள் திரும்ப வரும், முதலில் அந்த இரட்டிப்புகளைக் களை. சோதிப்பதற்கென்று ஒதுக்கிய தாள்களைத் தேர்வு நடக்கும் பக்கமே கொண்டுவராதே.

மாதிரித்தாள்களை அனுப்பிவை, எந்தெந்த வகை குறைகிறது என்று சேர்ந்து பார்த்துவிடலாம். அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா?

அன்புடன்,
ரவி