செயலாளரின் ஆண்டறிக்கை 2025: கேள்விப்பெட்டி வைத்த வருடம்

தலைவர், போஷகர்கள், நிருவாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லி முடிக்கிறேன். வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் ஒழுங்காக வந்தன. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. கூரை ஒழுக்கு அடைபட்டது, அதன் செலவைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை வாசிகசாலை வாசலில் வைத்த பிஸ்கற் தகரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பூமி, வானம், விண்வெளிப் பயணம் பற்றிப் பிள்ளைகள் எதையும் எழுதிப் போடலாம், மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் பதில் கிடைக்கும் என்று அறிவித்திருந்தோம். நிபந்தனை பதில் சொல்பவர்களுக்கு மட்டும்தான்: முடிந்தவரை வாயால் சொல்லாமல் கையால் காட்டவேண்டும். "இது புலமைப்பரிசில் பேப்பரில வருமோ?" என்று ஒரு தாய் கேட்டார். வராது என்றேன். ஆனாலும் அடுத்த மாதம் வந்தார். உள்ளபடி சொன்னால், பிள்ளைதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது.

"மத்தியானம் சூரியன் உண்மையா உச்சியிலயோ நிக்குது?" என்ற கேள்விக்காக ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்றே கூடினோம். கைவிசேடம் வாங்கிய கையோடு வந்த பிள்ளைகள் முற்றத்தில் ஓர் உலக்கையை நிறுத்தினார்கள். கிரகணத்தில் மட்டும்தான் உலக்கை நிற்கும் என்று பெரியவர்கள் வாதாடினார்கள். அடி தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்பதும் அன்றே தெளிவானது. 12 மணிக்கு நிழல் கொஞ்சம் இருந்தது. 12.10க்கு உலக்கையின் அடிக்குள் போய்விட்டது. எங்கள் மணிக்கூடு கிழக்கு 82.5 பாகை நெட்டாங்கின் நேரத்தைக் காட்டுகிறது, யாழ்ப்பாணமோ ஏறக்குறைய 80 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், அதுதான் அந்தப் பத்து நிமிடம். பிறகு எல்லோரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். கட்டின் நிழல் ஒரு பக்கமும் விழாமல் தண்ணீர் முழுக்க வெயில். 2,200 வருடங்களுக்கு முன் எகிப்தில் சையீன் ஊர்க் கிணற்றில் இப்படி வெயில் விழுவதைக் கேள்விப்பட்டுத்தான், அதே நாளில் அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலை அளந்து கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்று ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். சூரியன் வருடத்தில் இரண்டு தரம் எங்கள் தலைக்கு நேரே வரும். ஆகஸ்ட் கடைசியிலும் உலக்கை வெளியே வந்தது.

கிணறு இருந்தால் அடுத்த கேள்வியும் வரத்தானே செய்யும். "இதை அப்பிடியே தோண்டிக்கொண்டு போனா அமெரிக்காவோ?" தோடம்பழத்தில் ஈர்க்கைக் குத்திக் காட்டினோம். எங்களுக்கு நேர் எதிரே இருப்பது பசுபிக் சமுத்திரம். ரஷ்யாவின் கோலாவில் தோண்டிய துளை 12,262 மீற்றர் ஆழம். பூமியின் மையமோ 6,371 கிலோமீற்றர் கீழே. அந்தக் கணக்குக்கு ஈர்க்கு தோலையே தாண்டவில்லை. பழத்தை உரித்துத் தின்றபிறகுதான் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

தகரத்தில் அதிகம் விழுந்த கேள்வி, விண்வெளியில் கக்கூசுக்குப் போவது எப்படி என்பது. காற்றால் உறிஞ்சி எடுக்கிறார்கள், சிறுநீரைச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள் என்று விளக்கினோம். அன்று தேத்தண்ணி மிஞ்சியது.

செப்டெம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். இரவல் தொலைநோக்கியின் ஒரு கால் இறுகவில்லை, செங்கல் வைத்தும் நிலவு ஆடிக்கொண்டே இருந்தது. பிழை என்னுடையது, முதல்நாளே பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதை விட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்தார்கள். 11 மணியிலிருந்து 12.22 வரை நிலவு செம்பு நிறம். பூமியைச் சுற்றியிருக்கும் காற்றினூடாக வளைந்து போகும் சிவந்த ஒளிதான் அதில் படுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் நித்திரை.

ஒக்டோபரில் வொயேஜர் பற்றிக் கேள்வி வந்தது. 1977இல் ஏவிய இரண்டு விண்கலங்களிலும் 55 மொழிகளில் வணக்கம் பதிந்த தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டு இருக்கிறது என்றோம். உடனே ஒரு சிறுமி, "தமிழ் இருக்கோ?" இல்லை. சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. மண்டபம் கொஞ்சநேரம் பேசவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பக்கம் கிடைத்தவர்களை வைத்தே பெரும்பாலும் அவசரமாகப் பதிந்தார்கள் என்று ஆசிரியர் விளக்கினார். எனக்கென்றால் அந்த விளக்கம் போதவில்லை, பிள்ளைகளுக்கும் போதவில்லை. ஆனால் சீனத்தின் ஆமோய் மொழியில் பேசியவர், விண்வெளி நண்பர்களைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார் என்றதும், "எங்கட அம்மம்மா மாதிரி!" என்று பின்வாங்கில் ஒரு குரல். சபை திரும்பச் சிரித்தது. தமிழ் வணக்கத்தை நாங்களே பதிவோம் என்று தீர்மானமாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வசனம் பேசியது.

நவம்பர் கூட்டம் டித்வா புயலோடு நின்றுபோனது. மழைக்குத் தகரம் துருப்பிடித்துவிட்டதால் புதிய பெட்டி ஒன்றுக்குச் சபையின் அனுமதி வேண்டும். வடக்கு மூலையில் நிற்கும் வீதி விளக்குக்கு ஒரு மறைப்புப் போடவும் உதவி தேவை. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய பத்துப் பாகை உயரத்தில்தான் இருக்கிறது, கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த அளவுதான். பனைக்கும் விளக்குக்கும் நடுவில் அது அகப்படுவதே இல்லை.

பிள்ளைகளின் பதிவு என் போனில் இருக்கிறது. புதிய நிருவாக சபைத் தெரிவு முடிந்ததும் ஒலிபெருக்கியில் போடுகிறேன், வடைக்கு அவசரப்பட்டு எழும்பவேண்டாம்.

செயலாளர்