2024–25 ஆண்டறிக்கை: கோப்பை வந்தது, மிஷிகன் போனது

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டாது. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, யார் வீட்டில் பார்த்தோம், யாருடைய சந்தா பாக்கி, அவ்வளவுதான். இந்த முறை அப்படி முடிக்க முடியவில்லை. நம் கொலம்பஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஒஹாயோ ஸ்டேட் 16 ஆட்டம் ஆடி 14-இல் ஜெயித்து, 2014-க்குப் பிறகு முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. இருந்தும் பரம எதிரி மிஷிகனிடம் தோற்றதால், நம் வாட்ஸ்அப் குழுவில் "இது நல்ல வருஷமா, இல்லையா" என்ற சண்டை ஓயவில்லை. டப்ளின், பவல், ஹில்லியர்ட் என்று கொலம்பஸைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களைச் சனிக்கிழமைதோறும் ஒரே கீழ்த்தளத்தில் உட்காரவைத்த இந்த ஃபுட்பால், இந்த வருஷம் அதே கீழ்த்தளத்தில் நம்மை இரண்டு கட்சியாகவும் பிரித்துவிட்டது.

ஆகஸ்ட் 31-இல் ஏக்ரனை 52–6, அடுத்த வாரம் வெஸ்டர்ன் மிஷிகனை 56–0. இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாதி உறுப்பினர்கள் இடைவேளையிலேயே மாடிக்குப் போய் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். மார்ஷல், மிஷிகன் ஸ்டேட், அயோவா ஆட்டங்களும் ஏறக்குறைய அப்படியே.

அக்டோபர் 12, யூஜீன் நகரில் ஆரிகன். 32–31 என்று ஒரே புள்ளியில் தோற்றோம். கடைசி 10 நொடி இருக்கும்போது ஆரிகன் களத்தில் 11 பேருக்குப் பதில் 12 பேரை நிறுத்தியது. அபராதம் 5 யார்டுதான். ஆனால் அந்தக் குழப்பத்தில் 4 நொடி கரைந்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததுதான். விதியில் அப்படி ஒரு ஓட்டை இருந்தது, புகுந்து வந்துவிட்டார்கள். சில நாளிலேயே அந்த ஓட்டையை அடைத்தார்கள், நமக்கு என்ன லாபம்? அடுத்து நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுகிறவர்) வில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி விழுந்து எழுவதற்குள் கடிகாரத்தில் பூஜ்யம். அன்றைக்குத் தோல்வியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நடந்தது. இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் காயம்பட்டு அந்தப் பருவத்துக்கே விடைபெற்றார். குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்கும் ஆள் அவர். நவம்பரில் முன்வரிசையின் நடு ஆள், சென்டர் செத் மெக்லாக்லினும் பயிற்சியில் காயமடைந்து போனார். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால் நான் நவம்பர் 2-ஐத்தான் சொல்வேன். வியாழக்கிழமை தீபாவளி, சனிக்கிழமை பென் ஸ்டேட் ஆட்டம். முறுக்கு டப்பா இன்னும் காலியாகாத நேரம். ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் மாமனார், முதல்முறையாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர், மூன்றாவது கால்பகுதி வரை நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கடைசி ஐந்து நிமிடச் சொச்சத்தில், 20–13 என்று நாம் முன்னால் இருக்க, பென் ஸ்டேட் நம் கோட்டுக்கு 3 யார்டு தூரத்தில் வந்து நின்றது. கோட்டைத் தாண்ட நான்கு வாய்ப்பு. மூன்று முறை நடுவே முட்டினார்கள், மூன்று முறையும் சுவர் அசையவில்லை. நான்காவது முறை வீசிய பந்து தரையில் விழுந்தது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நம்ம கபடிதானேப்பா, கோட்டைத் தொட விடக்கூடாது, அவ்வளவுதானே" என்றார். அவருக்கு இதற்கு மேல் யாரும் விதி சொல்லித் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. அதன்பிறகு நம் ஆட்கள் பந்தைத் திருப்பியே தராமல் மிச்ச நேரம் முழுவதையும் ஓடியே கழித்தார்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பருவத்தின் உச்சம். கோப்பை ஆட்டம்கூட இரண்டாவதுதான்.

பர்டியூ 45–0. நார்த்வெஸ்டர்னைச் சிகாகோவின் ரிக்லி பேஸ்பால் மைதானத்தில் 31–7. அதுவரை தோற்காமல் வந்த இண்டியானாவை 38–15. அந்த ஆட்டத்தில் நம் கேலப் டவுன்ஸ் எதிரணி உதைத்துவிட்ட ஒரு பன்ட்டைப் பிடித்து 79 யார்டு ஓடினாரே, அப்போது சிந்திய சாம்பார் பற்றிப் பொருளாளர் தனியாகப் பேசுவார்.

அப்புறம் நவம்பர் 30.

அந்த வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் மிஷிகனின் எம் என்ற எழுத்தை எங்கே கண்டாலும் சிவப்பு நாடாவால் குறுக்கே ஒட்டிவிடுவது வழக்கம். நம் பிள்ளைகளும் வீட்டில் ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் என்று எதையும் விடவில்லை. தமிழில் 'ம' எழுதலாமா என்று ஒரு சின்னவன் கேட்டான். அம்மா என்று எழுத முடியாத வாரம் நமக்கு வேண்டாம் என்று செயலாளர் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். அது பதிவேட்டில் இருக்கிறது.

மிஷிகன் அன்று 6 வெற்றி, 5 தோல்வியோடு வந்தது. ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் நாம் ஜெயிப்போம் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மிஷிகனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் வில் ஜான்சன் களத்தில் இல்லை. அவர்கள் அன்று முழுவதும் பந்தை வீசி எடுத்தது 62 யார்டுதான். இத்தனை இருந்தும் 13–10 என்று தோற்றோம். உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலை நாம் இரண்டு முறை தவறவிட்டோம், ஹவர்ட் இரண்டு பந்தை எதிரியின் கையில் கொடுத்தார், இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. 45 நொடி இருக்கும்போது மிஷிகனின் டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து முடித்துவைத்தார். மிஷிகனிடம் தோற்பது தொடர்ந்து நான்காவது வருஷம்.

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. சிம்மன்ஸும் மெக்லாக்லினும் இல்லாத அந்த முன்வரிசையைக் கொண்டு, மிஷிகனின் மேசன் கிரஹாம் மாதிரி ஒரு பாறை நிற்கும் நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்ப ஓடியது யாருடைய யோசனை? வீசும் பந்தைப் பிடிக்க ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறார். முதல் வருஷ மாணவர், அந்தப் பருவத்தில் 1,315 யார்டு பிடித்தவர். எமெகா எக்புகாவும் நிற்கிறார். வீட்டில் பட்டுப்புடவை பீரோவில் இருக்க, கல்யாணத்துக்கு நூல் சேலையில் போன கதை. ஆட்டம் முடிந்து மிஷிகன்காரர்கள் நம் மைதானத்தின் நடுவில் கொடி நட வந்த தகராறு, தள்ளுமுள்ளு, போலீஸின் மிளகாய்ப்பொடி ஸ்ப்ரே எல்லாம் நாம் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். நம் கீழ்த்தளத்தில் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. போட்ட டீயை யாரும் குடிக்கவில்லை. குழுவில் மூன்று நாள் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட வரவில்லை.

முன்பெல்லாம் அதோடு கதை முடிந்திருக்கும். இந்த வருஷம்தான் முதல்முறையாக 12 அணி ப்ளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச்சுற்று) வந்தது, எட்டாம் இடத்தில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. டிசம்பர் 21 இரவு, உறைய வைக்கும் குளிரில், நம் ஊர் மைதானத்திலேயே டென்னஸி. அவர்களுடைய ஆரஞ்சுச் சட்டை ரசிகர்கள் அரங்கில் பெருவாரியாக இறங்கியிருந்தார்கள். நம்மவர்களே டிக்கெட்டை விற்றுவிட்டார்கள் என்று பேச்சு. நேரில் போன நம் மூன்று உறுப்பினர்களும் அதை உறுதி செய்கிறார்கள். முதல் கால்பகுதியிலேயே 21–0, முடிவில் 42–17. பந்து இப்போது ஸ்மித்துக்குப் போக ஆரம்பித்திருந்தது.

புத்தாண்டன்று காலிறுதியான ரோஸ் பௌலில் அதே ஆரிகன். 34–0 என்று ஏறிப்போய், 41–21-இல் முடித்தோம். ஸ்மித் மட்டும் 187 யார்டு. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அரையிறுதியில் டெக்சாஸ். அவர்கள் ஸ்மித்தை இரண்டு ஆள் போட்டுக் கட்டினார்கள், ஒரே ஒரு பந்துதான் பிடித்தார். அன்றைக்குக் காப்பாற்றியது நம் பக்கத்து ஊர் பிக்கரிங்டன் பிள்ளை ஜாக் சாயர். கோட்டருகே நான்காவது வாய்ப்பில் டெக்சாஸின் குவார்ட்டர்பேக் க்வின் யூயர்ஸைப் பின்னாலிருந்து தட்டி, சிதறிய பந்தை எடுத்து 83 யார்டு ஓடினார். யூயர்ஸ் ஒரு காலத்தில் கொலம்பஸில் சாயரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். 28–14.

ஜனவரி 20, அட்லாண்டா, இறுதி ஆட்டத்தில் நோட்ரே டேம். முதல் பத்து நிமிடம் பந்து அவர்களிடமே இருந்தது. பிறகு ஹவர்ட் முதல் 13 வீச்சையும் தவறாமல் சேர்த்தார். 31–7 ஆக இருந்தது 31–23 வரை நெருங்கி வந்தபோது, மூன்றாவது வாய்ப்பு, பந்தை நாமே வைத்திருக்க 11 யார்டு தேவை. நவம்பராக இருந்தால் நடுவில் ஓடியிருப்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேயும் தாக்குதல் ஆட்டத்தை வகுத்த சிப் கெல்லியும் அன்று நீளமாக வீசச் சொன்னார்கள். ஸ்மித் 56 யார்டு. 34–23.

சரி, இனி சங்கத்து விவகாரம். கோப்பை செய்தி வந்த பத்திரிகைப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கீழ்த்தளத்தில் மாட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அப்படி மாட்டினால் பக்கத்திலேயே 13–10 என்ற பலகையும் இருக்க வேண்டும் என்று திருத்தம் ஒன்று வந்திருக்கிறது. திருத்தம் கொண்டுவந்தவர், கோப்பையை மாற்றி மிஷிகன் வெற்றியைத் தந்தால் வாங்கிக்கொள்வேன் என்று என்னிடம் நேரிலேயே சொன்னார். நான் மாட்டேன். ஆனால் அவர் சொன்னபோது சிரிக்கவும் இல்லை.

அடுத்த பருவம் 2025 ஆகஸ்ட் 30-இல் இங்கேயே டெக்சாஸோடு தொடங்குகிறது. நவம்பர் 29-இல் மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பர் போக வேண்டும். வேன் ஏற்பாட்டுக்குப் பெயர் தருகிறவர்கள் முதலில் சந்தா பாக்கியைத் தீர்க்கவும். தீர்மானத்துக்கும் திருத்தத்துக்கும் வாக்கெடுப்பு சாப்பாட்டுக்கு முன்பே நடக்கும். பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டால் கோரம் இருக்காது.

இப்படிக்கு,
செயலாளர்