ஏழாம் ஆண்டு நாட்குறிப்புக் கொப்பி: தேடி எடுங்கோ!

எங்கட வகுப்புக் கூட்டாளிமார் எல்லாருக்கும் வணக்கம்.

வீடு வெள்ளையடிக்கேக்க அலுமாரிக்கு மேல இருந்து என்ர நாட்குறிப்புக் கொப்பி விழுந்தது. தமிழ் ரீச்சர் தினமும் எழுதச் சொன்னது. தொடர்ந்து பதினொரு நாள் ஒரே வரி: "காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். புட்டு சாப்பிட்டேன்." பன்னிரண்டாம் நாள் சிவப்பு மையில ரீச்சர்: "மாவு இன்னும் முடியவில்லையா?"

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போன சுற்றுலாவுக்கு இப்பிடி எழுதியிருக்கிறன்: "7 கிணறுகளிலும் அள்ளிக் குளித்தேன். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. மூன்றாவதில் சவர்க்காரம் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை." திருகோணமலைக் கோட்டைக்குள்ள திரியிற மான் கொப்பிப் பக்கத்தைத் தின்டதெண்டு எழுதின நாளும் இருக்கு. அது பொய். வீட்டுப்பாடம் செய்யேல்ல, பாவம் மானில பழி.

சரி, விசயத்துக்கு வருவம்.

1. வாற ஞாயிறு பின்னேரம் 4.30, டச்சுக்குடா கடற்கரை. மழையெண்டால் எங்கட வீடு.
2. கொப்பி இருக்கிறவை கொண்டு வாங்கோ. கறையான் தின்ட மிச்சமும் பரவாயில்லை.
3. ஆளுக்கு ஒரு பக்கம், சத்தமா வாசிக்கோணும். திருத்தி வாசிக்கக் கூடாது, எழுத்துப்பிழையோடதான்.
4. காதல் குறிப்புகள் இருந்தால் முதலே கிழிச்சிடுங்கோ. மனுசிமாரும் வருவினம்.
5. வெளிநாட்டில இருக்கிறவை பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ, நாங்கள் வாசிக்கிறம்.
6. தேத்தண்ணி என்ர பொறுப்பு. வடைக்கு ஆர்?

வாறவை வியாழன் இரவுக்குள்ள "வாறன்" எண்டு போடுங்கோ. கும்பிடு படம் போட்டால் கணக்கில எடுக்கமாட்டன்.