30 டிகிரியா, 37 டிகிரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ரேடியோகிராபி நல்ல படிப்பு என்று பலரும் வழிகாட்டுகிறார்கள், சந்தோஷம். இருபது வருடமாக எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவன் என்பதால், அந்தப் படிப்பில் மண்டை ஓட்டுப் பாடம் நடக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடியோடு வந்தார். சிடி ஸ்கேன் மெஷின் பழுது. கழுத்தில் அடி இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டர், பின்மண்டை எலும்பைக் காட்டும் டவுன்ஸ் வியூ என்ற எக்ஸ்ரே படத்தையும் சேர்த்து எழுதியிருந்தார். பயிற்சிக்கு வந்த மாணவர் கதிர் வரும் டியூபைச் சரியாக 30 டிகிரி கால் பக்கம் சாய்த்துவிட்டு, "தாடையை இறக்குங்க ஐயா, இன்னும் இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பெரியவருக்குக் கழுத்து அவ்வளவுதான் மடங்கும். நான் போய், கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து காதுத் துளைக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, அந்தக் கோடு படம் பதியும் கேசட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் போதும், டியூபை 37-க்கு மாற்று என்றேன். படம் சரியாக வந்தது, பின்மண்டை எலும்பு முழுசாகத் தெரிந்தது. அப்புறம் அந்தப் பையன் கேட்டது: "புத்தகத்தில் 30, 37 இரண்டும் இருக்கு சார், ஒன்று அச்சுப்பிழைன்னு நினைச்சோம்."

கண்ணின் வெளிக்கோடியிலிருந்து காதுக்கு ஒரு கோடு, கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து காதுக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் 7 டிகிரி வித்தியாசம், அதனால்தான் இரண்டு எண்கள்: முதல் கோட்டைச் செங்குத்தாக வைத்தால் 30, இரண்டாவதை வைத்தால் 37. இதைத் தன் முகத்தில் விரல் வைத்துப் பார்த்தவருக்கு மறக்காது. மண்டை ஓட்டில் 22 எலும்பு, கபாலத்தில் 8, முகத்தில் 14 என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மண்டை ஓட்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கும் வாய்ப்பே பல இடங்களில் கிடைப்பதில்லை.

பக்கவாட்டில் எடுக்கும் லேட்டரல் படத்தில் கண்குழிக் கூரைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து தெரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது, தாடை எலும்பின் பின்பகுதிகள் முன்னும் பின்னுமாக விலகியிருந்தால் தலை திரும்பியிருக்கிறது. இது தெரியாமல் குத்துமதிப்பாக இரண்டாவது படம் எடுத்தால் நோயாளிக்குத்தானே வீண் கதிர்வீச்சு? சைனஸ் என்ற முக எலும்புக் காற்றறைகளுக்கு, தாடையைத் தூக்க வைத்து எடுக்கும் வாட்டர்ஸ் வியூவைப் படுக்க வைத்து எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். உட்காரவோ நிற்கவோ வைத்து, கதிர் தரைக்கு இணையாகப் போனால்தான் உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்.

சிடி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். சிடி இல்லாத ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன. சிடியிலும் லேசர் கோட்டை எங்கே வைப்பது என்று இதே கண்ணையும் காதையும் வைத்துத்தான் பார்க்கிறோம், தலை கோணினால் அங்கேயும் இடமும் வலமும் ஒத்து வராது.

பயிற்சி நிறுவனங்கள் பத்து மாணவருக்கு ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடாவது வாங்கிக் கொடுக்கட்டும், அதில் நூல் கட்டி இந்தக் கோடுகளைப் பிடிக்கச் சொல்லட்டும். செய்முறைத் தேர்விலும் கோணத்தை மட்டும் கேட்காமல், தப்பாக எடுத்த படம் ஒன்றைக் கொடுத்து, தலை சாய்ந்ததா, திரும்பியதா, அடுத்த படத்துக்கு எதை மாற்றுவாய் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர், மதுரை மாவட்டம்