கூட்டிட்டு போற புள்ளைக்கு ஒரு சீட்டு குடுங்க சார்: சென்னை போலீஸ் கமிஷனருக்கு ஒரு திறந்த மடல்

கமிஷனர் சாருக்கு வணக்கம்.

நான் வியாசர்பாடியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷமா. எங்க ஏரியா ஜனங்களோட பேப்பர் எல்லாமே என் மிஷின் வழியாதான் போவுது. ரேஷன் கார்டு, ஸ்கூல் டிசி, சாதி சர்டிபிகேட், அதோட எஃப்ஐஆர் காப்பி, ரிமாண்ட் பேப்பர், ஜாமீன் நிக்க வர்றவங்களோட வீட்டு வரி ரசீது, கண்டிஷன் பெயில் ஆர்டர், குண்டாஸ் போட்டா குடுக்கறாங்களே அந்த தடி புக்லெட்டு, எல்லாம். நான் சட்டம் படிச்சவன் இல்ல. காப்பி எடுக்கும்போது படிச்சு படிச்சு, வர்ற வக்கீலுங்ககிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 110ல, இனிமே ஒழுங்கா இருப்பேன்னு பாண்டு எழுதி வாங்கி, அத மீறிட்டான்னு போலீஸ் துணை கமிஷனரே ஜெயிலுக்கு அனுப்பற அதிகாரம் செல்லாதுன்னு 2023 மார்ச்ல ஹைகோர்ட் சொன்னப்ப, அந்த தீர்ப்ப எத்தன பேருக்கு பிரிண்ட் போட்டு குடுத்தேன்னு எனக்கே கணக்கு தெரியாது.

இவ்ளோ பேப்பர் பாத்த எனக்கு, இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட கண்ணுல படாத பேப்பர் ஒன்னு இருக்கு சார். "இந்தப் பையன விசாரணைக்கு கூட்டிட்டு போறோம், இந்த ஸ்டேஷனுக்கு, இத்தன மணிக்கு"ன்னு ஒரு போலீஸ்காரர் கையெழுத்து போட்டு வீட்ல குடுத்த சீட்டு. அதுக்காகத்தான் இந்த மடல்.

எங்க தெருவுல ஒரு பையன். பேரு வேணாம். மாதவரம் பக்கம் குடோன்ல லோடு வேலை, ஷிஃப்ட் முடிஞ்சு வர ராத்திரி பதினொன்னு பதினொன்னரை ஆயிடும். அவன் மேல ஒரு கேஸ் கிடையாது. ஒரு நாள் ராத்திரி அவன் வரல. காலையில கடை தொறக்கறேன், அவங்க அம்மா ஷட்டர் கிட்ட நிக்கறாங்க, கையில அவனோட ஆதார் கார்டு. "நைட்டு இட்னு போய்ட்டாங்கப்பா, கூட வந்த புள்ள சொல்லுச்சு, எந்த ஸ்டேஷனுன்னு தெரில, மூணு ஸ்டேஷன் ஏறி எறங்கிட்டேன், இங்க இல்ல இங்க இல்லன்றாங்க, ஆதார் ஜெராக்ஸ் நாலு போட்டு குடு, ஒவ்வொரு இடத்துலயும் குடுத்து கேக்கறேன்"னு சொல்றாங்க. அந்த நாலு காப்பிக்கு நான் காசு வாங்கல. மறுபடி சாயங்காலம் அவங்களப் பாத்தேன், நாலு காப்பியும் கையிலயே இருந்துச்சு, யாரும் வாங்கிக்கல.

பையன் அடுத்த நாள் மதியம் வந்தான். நடை சரியில்ல, உள்ளங்கால ஊனி நடக்க முடியல. எதுக்கு கூட்டிட்டு போனாங்கன்னு கேட்டா, ஏதோ பைக் திருட்டாம், வேற எவனோன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்களாம். எட்டு நாள் வேலைக்கு போகல, மேஸ்திரி வேற ஆள போட்டுட்டாரு. புகார் குடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அவங்க அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "எங்க புள்ள அங்க இருந்தான்றதுக்கு என்னப்பா இருக்கு?" எனக்கு பதில் இல்ல சார். ஒரு துண்டுப் பேப்பர் கூட இல்ல.

யோசிச்சு பாருங்க. என் போன் தொலைஞ்சு ஸ்டேஷன் வந்தா சிஎஸ்ஆர் ரசீது குடுக்கறீங்க, நம்பர் போட்டு, தேதி போட்டு, சீல் வச்சு. தொலைஞ்சு போன போனுக்கு ரசீது இருக்கு. வீட்டுக்கு வர வழியில தூக்கிட்டு போன புள்ளைக்கு இல்ல.

இது புதுசா நான் கேக்கற சலுகையும் கிடையாது. டி.கே. பாசு கேஸ்ல 1996 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு: வர்ற போலீஸ்காரர் பேரு தெரியற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும், கைது பண்ணா அங்கயே மெமோ எழுதி வீட்டு ஆளோ ஏரியா பெரிய மனுஷனோ சாட்சி கையெழுத்து போடணும், சொந்தக்காரங்களுக்கு எங்க வச்சிருக்கோம்னு தகவல் சொல்லணும், ஸ்டேஷன் டைரியில எழுதணும், 48 மணி நேரத்துக்கு ஒருக்கா டாக்டர் பாக்கணும். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆயிடுச்சு. இப்ப சிஆர்பிசிக்கு பதிலா புதுசா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துலயும் இதுல முக்காவாசி இருக்கு. கைது பண்ணாம வரச்சொல்லி விசாரிக்கணும்னா 35வது பிரிவுல நோட்டீஸ் குடுக்கணும், அதையும் வாட்ஸ்அப்ல அனுப்புனா செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சாட்சியா கூப்பிடறதுக்கும் எழுத்துல உத்தரவு வேணும், பொம்பளைங்களையும் 15 வயசுக்கு கீழ, 60 வயசுக்கு மேல இருக்கற ஆம்பளைங்களையும் அவங்க வீட்ல வந்துதான் விசாரிக்கணும். ஆனா எங்க பக்கம் நடக்கறதுக்கு "சும்மா ஒரு என்கொயரி, வா"ன்னு பேரு. கைதும் இல்ல, நோட்டீஸும் இல்ல, சாட்சியும் இல்ல. அந்த சந்துலதான் எல்லாம் நடக்குது.

அந்த சந்துல போய் செத்தவங்க பேரு உங்களுக்கே தெரியும். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல ஜெயராஜ் பென்னிக்ஸ், என்ன மாதிரி கடைக்காரங்க, செல்போன் கடை, லாக்டவுன் நேரம் தாண்டி தொறந்து வச்சிருந்தாங்கன்னு ஆரம்பிச்சது. 2022 ஏப்ரல் 18 ராத்திரி கெல்லிஸ்ல ஆட்டோவ நிறுத்தி செக் பண்ணி கூட்டிட்டு போன விக்னேஷ் மறுநாள் உயிரோட இல்ல. ரெண்டே மாசத்துல, ஜூன்ல, எங்க கொடுங்கையூர் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு போன ராஜசேகர். கைதிங்கள ராத்திரி ஸ்டேஷன்ல வச்சிருக்கக் கூடாதுன்னு அந்த வருஷம் மேலேந்து உத்தரவு வந்ததா படிச்சேன். அப்புறம் 2025 ஜூன் 28, மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். ஒரு காருல நகை காணோம்னு புகார், எஃப்ஐஆரே போடாம ஸ்பெஷல் டீம் எப்படி விசாரிச்சதுன்னு ஹைகோர்ட் மதுரை கிளை கேட்டுச்சு. உடம்புல 44 காயம். ஒருத்தர் மறைஞ்சு நின்னு போன்ல எடுத்த வீடியோ இல்லன்னா அதுவும் வலிப்பு வந்துச்சுன்னே முடிஞ்சிருக்கும்னு நான் நினைக்கறேன்.

வீடியோன்னதும் இன்னொன்னு சொல்லணும். 2018 வாக்குல "மூன்றாவது கண்"னு சொல்லி கடை கடையா வந்து கேமரா வைங்கன்னு உங்க ஆளுங்க கேட்டாங்க. நான் வச்சேன், சொந்தக் காசுல, ரெண்டு கேமரா, ஒன்னு ரோட்ட பாத்து. நல்ல திட்டம், இப்பவும் சொல்றேன். எத்தனையோ தடவ ஃபுட்டேஜ் கேட்டு வந்திருக்காங்க, ஒரு தடவ கூட மிஷின் ரிப்பேருன்னு நான் சொன்னதில்ல, ஹார்ட்டிஸ்க் போச்சுன்னா அன்னிக்கே மாத்திருவேன். உங்க ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. வாசல், லாக்கப், வராண்டா, எஸ்ஐ ரூம், பாத்ரூமுக்கு வெளிய, எல்லா எடத்துலயும், சத்தமும் பதிவாகணும், இருட்டுலயும் தெரியணும், 18 மாசம் ரெக்கார்டிங் இருக்கணும், முடியலன்னா கூட ஒரு வருஷமாவது. சாத்தான்குளத்துல மாஜிஸ்ட்ரேட் போய் பாத்தப்ப டிஸ்க்ல எடம் இருந்தும் அன்னன்னிக்கு தானா அழியற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி நடந்தத உலகத்துக்கு சொன்னது ஹெட் கான்ஸ்டபிள் ரேவதி மேடம், ஒரு மனுஷி. மெஷின் செய்ய வேண்டிய வேலைய ஒரு பொம்பள தனியா, பயந்து பயந்து செய்ய வேண்டியதா போச்சு. அவங்கள நினைச்சா எனக்கு இன்னிக்கும் கை கூப்ப தோணும்.

அப்புறம் இந்த மாவுக்கட்டு. பிடிச்ச ஆளு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சுதுன்னு, கட்டோட ஒரு போட்டோ. அது போன் போனா சுத்துது, எங்க பசங்க அதுக்கு ஹார்ட்டு போடறாங்க. பாத்ரூம்ல அக்யூஸ்ட் மட்டும்தான் வழுக்கி விழறாங்களான்னு ஹைகோர்ட் ஜட்ஜுங்களே கேட்டுட்டாங்க. ஸ்கூல் பசங்க அத பாத்து சட்டம்னா இதான்னு கத்துக்கறாங்க சார், எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது.

சரி, அடிச்சாதான் உண்மை வரும், ரவுடி அடங்குவான்னு சொல்றவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. 2024 ஜூலையில பெரம்பூர்ல ஆம்ஸ்ட்ராங் அண்ணன வெட்டுன அப்புறம் எங்க ஏரியாவுல எவ்ளோ பயம், எவ்ளோ கோவம் இருந்துச்சுன்னு எனக்கு தெரியும், அப்புறம் நடந்த என்கவுன்ட்டருக்கு கை தட்டுனவங்களையும் தெரியும். நான் அவங்கள தப்பு சொல்லல. ஆனா போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது. 1872 சாட்சிய சட்டத்துல 25வது பிரிவு, இப்ப புது சட்டத்துல 23. வெள்ளக்காரனே போலீஸ் அடிச்சு வாங்குவாங்கன்னு நம்பாம எழுதி வச்சது. கோர்ட்ல நிக்காத ஒன்னுக்காக ஒரு புள்ளையோட உள்ளங்கால ஒடைக்கறதுல கேஸுக்கு என்ன லாபம்?

காமன் காஸ்ங்கற அமைப்பும் லோக்நீதிங்கற ஆய்வுக் குழுவும் சேந்து 2025ல ஒரு அறிக்கை போட்டாங்க, 8,276 போலீஸ்காரங்ககிட்டயே கேட்டு எடுத்தது. பெரிய குற்றத்துல தேர்டு டிகிரி சரிதான்னு 30 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க. ஆபத்தான குற்றவாளிய கேஸ் நடத்தறத விட கொன்னுடறதே மேல்னு 22 சதவீதம். எனக்கு மத்த கணக்குதான் கண்ணுல பட்டுச்சு, முக்கால்வாசி பேர் பிடிச்சு சட்டப்படி நடத்தணும்னுதான் சொல்லியிருக்காங்க. அந்த முக்கால்வாசி பேர நம்பித்தான் உங்களுக்கு எழுதறேன். அவங்க கஷ்டமும் தெரியும், இதே குழு 2019ல எடுத்த கணக்குல ஒரு போலீஸ்காரர் சராசரியா ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பாக்கறாரு. என் கடைக்கு பிரிண்ட் எடுக்க வர்ற ஒரு கான்ஸ்டபிள் அண்ணன் நின்னுகிட்டே தூங்குவாரு. அவருக்கு சேர் போட்டு குடுப்பேன்.

இப்ப அந்தப் பையன் கதையில மிச்சம் இருக்கு. அவன் வந்து மூணு மாசம் இருக்கும், என் கடைக்கு எதிர்லயே ஒரு அக்கா கழுத்துல செயின அறுத்துட்டு பைக்ல ரெண்டு பேர் போயிட்டானுங்க. அந்த அக்கா கீழ விழுந்து முட்டி பேந்துடுச்சு. என் கேமராவுல பைக் தெரியுது, நம்பர் ப்ளேட்டுல வெளிச்சம் அடிச்சு ஒன்னும் தெரியல. எஸ்ஐ வந்தாரு, மரியாதையாதான் பேசினாரு, யாராவது பாத்தீங்களான்னு நின்னவங்கள எல்லாம் கேட்டாரு. அந்தப் பையன் டீ கிளாஸோட அங்கயே நின்னான். இல்ல சார், பாக்கலன்னான். எஸ்ஐ போனதுக்கு அப்புறம் கடைக்குள்ள வந்து, "அண்ணா, நம்பர் கடைசி நாலும் தெரியும்ணா, சொன்னா நீ எப்டிடா பாத்த, உனக்கு அவனுங்க தெரியுமான்னு என்ன தூக்கினு போவாங்க"ன்னு சொல்றான். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. அந்த அக்கா செயின் இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல.

இது எங்க தெருவுக்கு மட்டும் சொந்தமான பயம் இல்ல போல. அமெரிக்காவுல மில்வாக்கின்னு ஒரு ஊரு. 2004ல ஃபிராங்க் ஜூட்னு ஒருத்தர ட்யூட்டியில இல்லாத போலீஸ்காரங்க கும்பலா சேந்து அடிச்சது பேப்பர்ல வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல 911க்கு (நம்ம ஊரு 100 மாதிரி போலீஸ கூப்பிடற நம்பர்) வர வேண்டிய கால்ல சுமார் 22,200 வரவே இல்லன்னு 2016ல மூணு ஆராய்ச்சியாளருங்க கணக்கு போட்டாங்க, பாதிக்கு மேல கறுப்பர் ஏரியாவுலேந்து. அந்தக் கணக்கு சரியில்லன்னு 2020ல இன்னொருத்தர் மறுத்து எழுதினாரு, அதையும் சொல்லிடறேன். ஆனா நம்பர் எதுவா இருந்தாலும், டீ கிளாஸோட நின்ன பையன நான் கண்ணால பாத்தேன்.

நியூயார்க்ல இன்னொரு விஷயம். அங்க ராத்திரி பகல்னு ரோட்ல பசங்கள நிறுத்தி தடவிப் பாக்கறது 2011ல மட்டும் 6,85,724 தடவ நடந்துச்சு. பத்துல கிட்டத்தட்ட ஒம்பது பேர் மேல ஒரு கேஸும் இல்லாம விட்டுட்டாங்க. 2013ல கோர்ட் அத நடத்துன விதம் தப்புன்னு சொல்லி, நிறுத்தறது பல மடங்கு கொறஞ்சிடுச்சு. கொலை ஏறல, 2011ல 515, 2017ல 292. இந்தக் கணக்கு எப்படி வெளிய வந்துச்சு தெரியுமா சார், நிறுத்துன ஒவ்வொரு ஆளுக்கும் போலீஸ்காரர் ஒரு ஃபாரம் எழுதணும், யூஎஃப் 250னு பேரு. பேப்பர் இருந்துச்சு, அதனால எண்ண முடிஞ்சுது. எங்க பக்கம் முல்லை நகர்லயும் கன்னிகாபுரத்துலயும் நேத்து ராத்திரி எத்தன பசங்கள நிறுத்தி, போன புடுங்கி பாத்து, மூஞ்சிய போட்டோ எடுத்தாங்கன்னு இன்னிக்கு யாராலயாவது எண்ண முடியுமா?

அதனால ஒரு ஃபாரம் நானே டைப் பண்ணியிருக்கேன். அரை ஏ4 தாள், தமிழ்ல. கூட்டிட்டு போறவர் பேரு, அவர் நம்பர், ஸ்டேஷன், எத்தன மணிக்கு, எந்த எடத்துலேந்து, எந்த கேஸ் விஷயமா, வீட்ல யாருக்கு எந்த நம்பர்ல தகவல் சொன்னாங்க, எத்தன மணிக்கு வெளிய விட்டாங்க, விடும்போது உடம்பு எப்படி இருந்துச்சு. கீழ ரெண்டு கையெழுத்து. ஒரு காப்பி ஸ்டேஷன்ல, ஒரு காப்பி வீட்ல. எழுத ரெண்டு நிமிஷம் ஆகும், நேரம் வச்சு பாத்தேன். முதல்ல எங்க பக்கத்து ஸ்டேஷன் ரெண்டு மூணுல மட்டும் மூணு மாசம் ஓட்டிப் பாருங்க, அதோட அந்த ஸ்டேஷன் கேமரா ஓடுதான்னு வாரம் ஒரு தடவ வெளி ஆள் ஒருத்தர வச்சு பாக்கச் சொல்லுங்க. ஃபாரம் அடிக்கற செலவு என்னோடது, பேப்பரும் என்னோடது.

ரிஜிஸ்டர் தபால்ல வேப்பேரி ஆபீஸுக்கு இந்த மடலையும் ஃபாரத்தையும் அனுப்பிட்டேன். மேல இருக்கற முதல் காப்பியில அந்தப் பையனோட அம்மா தெரிஞ்ச கட்டத்தையெல்லாம் அவங்க கையாலயே நிரப்பி குடுத்திருக்காங்க, அன்னிக்கு ராத்திரிக்கு. போலீஸ்காரர் பேரு, நேரம், ஸ்டேஷன் இந்த மூணு எடமும் காலியா இருக்கும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி ஜெராக்ஸ் கடைக்காரன்