கேரவன் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் (இந்த அறிக்கை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை) வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. குடும்ப முகாம் நல்லபடியாக முடிந்தது. விளக்குச் சோதனை நாளில் மழை வந்ததால் பாதியில் கலைந்தோம்.

அடுத்து, நான் பிடிவாதம் பிடித்து நடத்திய சக்கரப் பயிற்சி. "நட் முடுக்க எங்களுக்குத் தெரியாதா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தெரியும், யார் இல்லை என்றது? முடுக்கிய பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. காரில் நட் தளர்ந்தால் ஸ்டியரிங் ஆடிக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பின்னால் இழுத்து வரும் வீட்டு வண்டியான கேரவனில் சக்கரமே கழன்று ஓடினாலும் சில சமயம் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால்தான் சக்கரத்தை மாட்டியதும் எதிரெதிர் நட்டாக முடுக்கி, முடுக்கும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் அளவு பார்த்து, 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். அளவு உங்கள் கையேட்டில் இருக்கும், இரும்புச் சக்கரத்துக்கும் அலாய் (கலப்புலோக) சக்கரத்துக்கும் ஒன்றல்ல. ஹப்பும் (சக்கரத்தை மாட்டும் அச்சுமுனை) சக்கரமும் சேரும் இடத்தில் துருவோ தடித்த பெயிண்டோ இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், அது பிறகு அமுங்கினால் பிடிப்பு தளரும். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், வழுக்கலில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பவர்களுக்கும் இதே விளைவுதான்.

அன்று வந்த ஒரு வண்டியில் டயர் பட்டன் (தரையில் படும் மேடுகள்) புதிதுபோல இருந்தது, பக்கவாட்டில் மட்டும் வரிவரியாக வெடிப்பு. நின்றே கிழடான டயர். தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், திருட்டுக்குப் பயந்து, தனிச் சாவி போட்டால்தான் கழலும் லாக் நட் போட்டவர்கள் அதன் சாவியை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் பயணம் போகிறார்கள். வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வார்களோ.

பயிற்சிக்கு வந்தவர்களைவிட வராததற்குக் காரணம் சொன்னவர்கள் அதிகம். சங்கத்தின் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியவர் இன்னும் தரவில்லை. அதற்கு முன் வாங்கியவர் இறுகிய நட்டைக் கழற்றவே அதைப் பயன்படுத்தினாராம். அது முடுக்கும்போது அளவு பார்க்கும் கருவி ஐயா, கழற்ற சாதாரண ஸ்பேனர் போதும். இனி அது காட்டும் அளவை நம்பலாமா என்று சரிபார்க்கக் கொடுக்க வேண்டும், அதற்கும் செலவு.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

இடம் தந்தவர்களுக்கும் தேநீர் போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஹப் பேரிங், பிரேக் பற்றிப் பயிற்சி வைக்க எண்ணம். நானே செயலாளராகத் தொடர்வேனா என்பது உறுதியில்லை, முன்வருபவர்களுக்குக் கோப்புகள் தயாராக உள்ளன. யாரும் வராவிட்டால் பார்க்கலாம், ஆனால் அதற்குள் அந்த ரெஞ்ச் திரும்பி வந்தால் யோசிக்க வசதியாக இருக்கும்.

செயலாளர்