ஞாயிறு பின்னிரவு ரெய்டு சரிபார்ப்பு

வணக்கம் நண்பர்களே. நாளை மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் இன்று நள்ளிரவு தாண்டி நம் டெபியன் (லினக்ஸ்) சர்வரில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பின் சரிபார்ப்பு தானாகவே ஓடும். நான்கு டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, டேட்டாவும் பாரிட்டியும் (ஒரு டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கீடு) ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஃபைல் திறக்கக் கொஞ்சம் நேரமானால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம்.

இந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால், யாரும் தொடாத பழைய ஃபைலில் ஒரு செக்டார் (டிஸ்க்கின் சிறு பகுதி) கெட்டிருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. வேறொரு டிஸ்க் போய், புது டிஸ்க்கில் அதன் டேட்டாவை மறுபடி உருவாக்கும் ரீபில்டு ஓடும்போதுதான் அது தலைகாட்டும். நம்முடையது ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5, அப்போது அந்தப் பகுதியை மீட்க வழியில்லை.

முடிந்ததும் மிஸ்மேட்ச் (ஒத்துப்போகாத இடங்களின்) எண்ணிக்கையைப் போடுகிறேன். 0 என்றால் சரி. இல்லையென்றால் யாரும் அவசரப்பட்டு ரிப்பேர் கொடுத்துவிடாதீர்கள். அது டேட்டாவை அப்படியே நம்பி, பாரிட்டியைத்தான் மாற்றி எழுதும். முதலில் பேக்கப்போடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.